காளியம்மாள் சொன்னதும் நான் சொன்னதும்

5.10.1970, திங்கள்
குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. ஆபீசில் பி.டி.ஓ. கூப்பிட்டார். தஞ்சாவூரில் புது நெல் ஒன்றுக்கு இரண்டாக விளைகிறது என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியதாம். இங்கே கூலியாட்களைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள் என்று இன்னொரு நாட்டுப் பத்திரிகை எழுதியதாம். எது நிஜம் என்று பார்க்க இரண்டு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். இரண்டும் நிஜம்தான். இதற்கா இவ்வளவு தூரம்? பினாங்குக் கடையில் நின்று கற்ற என் இங்கிலீஷ்தான் மொழிபெயர்ப்பு.
"மாவட்டத்து மானம் உங்க வாயில இருக்கு, அஜீஸ் பாய்" என்றார்.

8.10.1970
மிராசுதார் சாரங்கபாணியின் களம். கூலிப் பெண்களைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நான் கேள்வியை முடிப்பதற்குள் காளியம்மாள் எழுந்து வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சங்கத்துக் கொடி ஏத்துனான்னு எம்மவன் வீரையனை இந்தக் களத்துலதான் கட்டிவச்சு அடிச்சாங்க. அப்புறம் எங்க கொண்டுபோனாங்கன்னே தெரியல. நாப்பது நாளாச்சு. தேடிக் குடுங்கம்மா."
மிராசுதார் என்னைப் பார்த்தார். பி.டி.ஓ. தரையைப் பார்த்தார். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போய் நாற்பது நாளாகிறது, அவன் நினைவாகவே இருக்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, மொழிபெயர்த்தவன் என்று என் கையெழுத்தையும் வாங்கினாள். பிறகு காளியம்மாளை அணைத்துக்கொண்டாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று காளியம்மாள் நம்பினாள்.
கார் போனதும் பெஞ்சுகளைக் கழுவினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் அல்லவா?

9.10.1970
சாப்பிட்டேன். ஆபீஸ் போனேன். வந்தேன்.

14.11.1970
ஆபீஸ் வாசலில் காளியம்மாள். "அந்தம்மா கடுதாசி போட்டாங்களா பாய்?"
"இல்ல."
"போடுவாங்க. கைய எப்படிப் புடிச்சாங்க, பாத்தீங்கல்ல."
ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்துவிட்டுப் போனாள். ஹமீதா பானு சமைத்தாள். எப்படி வந்தது என்று கேட்டாள். சந்தையில் வாங்கினேன் என்றேன் — பெண்டாட்டியிடமும் பொய். அது பாட்டுக்கு வருகிறது.

3.2.1971
வெள்ளைக்காரர்களின் அறிக்கை வந்துவிட்டது. பெஞ்சில் காளியம்மாள், படம். புது நெல்லால் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போகும் அளவுக்கு வசதி வந்திருக்கிறதாம். பி.டி.ஓ. கைகுலுக்கினார். அந்த இன்னொரு பத்திரிகை அதே படத்தைப் போட்டு, எல்லாம் நாடகம் என்று எழுதியிருக்கிறதாம். இரண்டு தேசமும் சண்டை போடட்டும். வீரையன் என்ற பெயர் இரண்டிலும் இல்லை.

22.3.1971
காளியம்மாள் போலீஸ் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். படிக்கச் சொன்னாள். படித்தேன். மகன் வேலைக்குப் போயிருப்பதாகத் தாயாரே வெளிநாட்டார் முன்னிலையில் கூறியுள்ளதால் மேல்நடவடிக்கை தேவையில்லை.
"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"
"நீ சொல்லல. நான்தான் சொன்னேன்."
குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை.
"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க."
சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.
காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.
"நல்லாத்தான் காதுல விழுந்திருக்கு உங்களுக்கு."