ஒருவரும் எடுக்காத கார்

அண்ணை,

இன்று காலை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து ஏற்றத்தில் ஒரு இளம்பெண் காரை எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். புதிதாக ஓடப் பழகியவள் போல. கிளச்சை அரைகுறையாக விட்டு, எஞ்சினை அலறவைத்து, கடைசியில் ஒரு குலுக்கலோடு போய்விட்டாள். அவள் போன பிறகும் கிளச் எரிந்த மணம் அங்கேயே நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் திரும்பி உங்களைத் தேடினேன். “இந்தப் பிள்ளை கிளச்சைச் சாக்கொல்லப் போகுது” என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. நீங்கள் போய் ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும் முடிந்துவிட்டன. இருந்தும் எனக்கு அது இன்னும் மனதில் ஏறவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஹோர்சன்ஸுக்கு வந்த புதிதில் உங்களுக்கு டென்மார்க்கோடு இருந்த ஒரே கோபம், அது உங்கள் லைசென்ஸை மதிக்கவில்லை என்பதுதான். குளிரைப் பற்றி நீங்கள் முறையிட்டதில்லை. பருத்தித்துறை வீதியில் சொந்த மினிவான் ஓடிய மனிதர், இங்கே எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துத் தொழிற்சாலைக்குப் போய் வந்தீர்கள். ஒருநாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது முகமெல்லாம் சிரிப்பு. “தங்கச்சி, றோட்டிலை ஓடத்தான் லைசென்ஸ் வேணுமாம். வயலுக்குள்ளை ஓடக் கிளப் அட்டை மட்டும் காணுமாம்!”

தொழிற்சாலைக்கு முன்னால் பழைய கார்களை உடைக்கிற பென்ட் சொன்ன விஷயம் அது. ஊருக்கு வெளியே ஒரு மண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டொக் கார் ஓட்டம் நடக்கும். உடைக்கப் போட்ட காரின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, வட்டமாக ஓடுவார்கள். இடிக்கலாம், தள்ளலாம். காரைக் கொண்டுவருகிற அணியே ஓடவும் வேண்டும், திருத்தவும் வேண்டும். எங்கள் அணியில் நீங்கள் சொந்தக்காரர். என் கணவர், இவர், வெல்டிங். எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிற வேலையும், எல்லாரையும் ஏசுகிற வேலையும். மன்னாரில் அப்பாவின் உழவு இயந்திரம் ஓடியவள் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு கிளப் அட்டை எடுத்துத் தந்துவிட்டீர்கள், பெண்களுக்கும் தனி ஓட்டம் உண்டென்று.

முதல் நாள் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முன்னால் போன காரை முந்தப் போகும்போது நீங்கள் யன்னலால் கையை நீட்டிச் சைகை காட்டினீர்கள், ஊரில் காட்டுகிற அதே சைகை. இங்கே ஓடுகிறவரின் இருக்கை இடப்பக்கம் என்பதால், கை மற்றப் பக்கத்தால் வந்ததுதான் வித்தியாசம். கொடி காட்டுகிறவர் ஓட்டம் முடிந்ததும் வந்து ஏசினார். அடுத்த கிழமை பென்ட் அந்த யன்னலுக்கு வலை கட்டிவிட்டார். “சொல்லாமல் கொள்ளாமல் திரும்பினால் பின்னுக்கு வாறவன் என்ன நினைப்பான்?” என்று நீங்கள் நியாயம் கேட்டீர்கள். இடிப்பதற்கென்றே வந்த கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் அப்படிக் கேட்டவர்.

காரின் முன்மூடியில் வெள்ளைப் பெயின்ற்றால் பெரிதாகக் ‘குகன்’ என்று எழுதினீர்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. என்னவென்று கேட்டார். “மின் லில்லபுரோர்” என்றீர்கள். ‘என் தம்பி’ என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்த மைதானத்தில் காருக்கும் உங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. “கொம் சோ, லில்லபுரோர்!”, விடாதே தம்பி, என்று வேலியோரம் நின்ற சனம் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கிறபோது உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

நன்றாக ஓடுவீர்கள். ஆனால் வெல்ல மாட்டீர்கள். கடைசிச் சுற்றில் முன்னுக்கு வந்துவிடுவீர்கள் என்று நாங்கள் எழும்பி நிற்க, நீங்கள் காலை எடுத்துவிட்டு நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து சேருவீர்கள். எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பின்னாலை வாறதுக்கு உந்தக் கார் என்னத்துக்கு அண்ணை? சைக்கிளிலையே வரலாமே.”

“வெண்டால் ஆரும் எடுத்துப்போடுவாங்கள் தங்கச்சி.”

அங்கே அப்படி ஒரு விதி இருந்தது. ஒருவரும் காசைக் கொட்டிக் கார் செய்யக் கூடாது என்பதற்காக வைத்தது. ஓட்டங்கள் முடிந்ததும் கிளப் அட்டை உள்ள யாரும், தனக்குப் பிடித்த காரின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி மேசையிலுள்ள பிஸ்கட் ரின்னுக்குள் போடலாம். எல்லாக் காருக்கும் ஒரே சிறிய விலை. சொந்தக்காரன் மறுக்க முடியாது, அந்த இடத்திலேயே கார்த் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். வென்ற கார்களுக்குத்தான் துண்டு விழும்.

“எடுத்தால் எடுக்கட்டும். பென்ட்டிட்டைப் பழைய கார் மலையாய்க் கிடக்கு” என்றேன்.

நீங்கள் கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் மினிவானில் தம்பிதான் கொண்டக்டர். ஒரு காலையில் பற்றறி வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனவர் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டார். எந்த முகாமிலும் பெயர் இல்லை. இருக்கிற பிள்ளையையாவது காப்பாற்றுவோம் என்று அம்மா உங்களை அனுப்பிவிட்டா. “மினிவானிலையும் அவன்ர பேர்தான் போட்டிருந்தது. இது ஓடுற வரைக்கும் அவனும் எங்கையோ இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொள்ளுறன். விசர்க்கதைதான். ஆருக்கும் சொல்லாதையும்.”

அதற்குப் பிறகு நான் உங்களைப் பகிடி பண்ணவில்லை. ஆனாலும் என் முறை வந்தபோது எல்லாம் மறந்துபோனது. பெண்கள் ஓட்டத்தில் உங்கள் காரை எடுத்தேன். இரண்டாம் சுற்றிலேயே எனக்கு முன்னால் ஒருத்திதான் இருந்தாள். அவளையும் பிடித்துவிடலாம் என்று மிதிக்கிறேன், வேலியோரமாக நீங்கள் ஓடி வருகிறீர்கள், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு: “மெதுவா! தங்கச்சி, மெதுவா!” சனம் நான் அடிபட்டுச் சாகப்போகிறேன் என்று நீங்கள் பயப்படுவதாக நினைத்தது. எனக்குத்தான் தெரியும் என்ன பயம் என்று. காலை எடுத்தேன். ஐந்தாவதாக வந்து இறங்கி உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் சோற்றுப் பொதியைப் பிரித்தேன்.

பென்ட் என்னிடம் வந்து ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதையும் மீறி, எனக்குத் தெரிந்த நாலு டேனிஷ் சொல்லை வைத்து, தம்பியைக் காணவில்லை, கார் போனால் அண்ணை தாங்கமாட்டார் என்று சொல்லி முடித்தேன். பென்ட் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாவது வருடக் கோடை முடிகிற நேரம் அந்தத் தொலைபேசி வந்தது. உங்களிடம் போன் இல்லை, எங்கள் வீட்டு இலக்கத்தைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தீர்கள். கொழும்பிலிருந்து உங்கள் மாமா. நான் ஓடிவந்து உங்களைக் கூட்டிப்போனேன். நின்றபடியே கேட்டீர்கள். “ஓம்… ஓம்… சேட்டு என்ன நிறம் எண்டவை? … ஓம்.” பிறகு, “அம்மாவுக்கு ஆர் சொன்னது?” போனை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தீர்கள். தம்பியின் கதை முன்பே முடிந்துவிட்டதாம். பிடித்த அன்றைக்கே. நீங்கள் டென்மார்க்குக்கு வருவதற்கும் முன்பே. இவர் உங்கள் தோளைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம் இருக்கல்லோ?” என்று கேட்டீர்கள்.

“விடுங்கோ அண்ணை. ஆர் இப்ப ஓட்டத்தைக் கேட்டது?”

“நான் போகவேணும். அங்கை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ.”

அன்று நீங்கள் ஓடியதைப் போல ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. கை காட்டவுமில்லை, வழி விடவுமில்லை. முன்னால் நின்றவர்களை இடித்து விலக்கிக்கொண்டு போனீர்கள். ஒலிபெருக்கிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: “லில்லபுரோர்! லில்லபுரோர்!” மைதானம் முழுவதும் சேர்ந்து கத்தியது. உயிரோடு இல்லாத ஒரு பொடியனை இவ்வளவு சனம் இவ்வளவு சந்தோசமாகக் கூப்பிடுகிறதே என்று என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காரின் பின்பக்கம் நசிந்து, முதலாவதாக வந்து நின்றீர்கள்.

நீங்கள் ஏன் வென்றீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இனி அந்தக் காரை வைத்திருக்கவும் உங்களால் முடியாது, உடைக்கவும் முடியாது. யாராவது தெரியாதவன் வந்து விதிப்படி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தீர்கள். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேசையடியில் காத்து நின்றீர்கள்.

ரின்னைத் திறந்தார்கள். இரண்டாவதாக வந்த காருக்கு மூன்று துண்டு. உங்கள் காருக்கு ஒன்றுமில்லை.

பென்ட் சிரித்துக்கொண்டு வந்து உங்கள் முதுகில் தட்டினார். லில்லபுரோரை இங்கே ஒருவரும் உன்னிடமிருந்து எடுக்கமாட்டோம், போன வருடமே எல்லாரும் பேசி வைத்துவிட்டோம், நீ இவ்வளவு நாளும் பயப்படாமல் வென்றிருக்கலாம் என்றார். சுற்றிவர நின்றவர்கள் கைதட்டினார்கள். நீங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து “தக், தக்” என்று நன்றி சொன்னீர்கள். பிறகு காருக்குப் பின்னால் போய் மண்ணில் இருந்துவிட்டீர்கள்.

“ஆரும் எடுக்கேல்லை, தங்கச்சி.”

“நல்ல மனுசர் அண்ணை.”

“ஓம், நல்ல மனுசர்தான். நான் இதைத் திருப்பிக் கொண்டுபோய் எங்கை வைக்கிறது?”

அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. இன்னும் எடுத்துவைக்காத அந்த மேசைக்குப் போனேன். அட்டையைக் காட்டினேன். ஒரு துண்டில் உங்கள் கார் இலக்கத்தை எழுதி நீட்டினேன். மேசையில் இருந்த மனிசி இலக்கத்தைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. உண்மையாகவா என்று கேட்டா. “யா” என்றேன். கைதட்டிய சனம் என்னிடமிருந்து விலகி நின்றது. பென்ட் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சொந்த மனிதரிடமே பறிக்கிறாளே என்று நினைத்திருப்பார். தம்பி செத்துப்போனார் என்று சொல்ல எனக்கு டேனிஷ் தெரியும். ஆனால் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்டிருந்தீர்களே. ஒருமுறை மீறியது போதும் என்று திறப்புக்காகக் கையை நீட்டினேன்.

நீங்கள் எழும்பி வந்து திறப்பை இரண்டு கையாலும் தந்தீர்கள். “என்ன செய்யப் போறீர் எண்டு நான் கேக்கமாட்டன்” என்றீர்கள். அதோடு எங்கள் அணி முடிந்தது. பிறகு உங்களுக்கு டேனிஷ் லைசென்ஸ் கிடைத்தது. கலியாணம் நடந்தது, பிள்ளைகள் வந்தார்கள், இந்த ஊர் பஸ்ஸை ஓடி ஓய்வும் எடுத்தீர்கள். எத்தனை முறை எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டிருப்பீர்கள். ஒருநாளும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அப்படி ஒரு பிடிவாதம்.

இப்போது சொல்கிறேன். அடுத்த நாள் அதை இழுத்துக்கொண்டு பென்ட்டின் முற்றத்துக்குப் போனோம். நசிக்கிற இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் தரச் சொன்னேன். இவர் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். நான் அந்தக் காரைக் கழுவினேன், அண்ணை. சேறு போக, சில்லிலிருந்து மேலே வரை, ஓர் இடம் விடாமல். பெயரை மெதுவாகத் துடைத்தேன். உங்கள் வீட்டில் கழுவுவதற்கு அந்தப் பிள்ளையின் உடம்பு கிடைக்கவில்லை. என்னால் செய்யக்கூடியதாக இருந்தது அதுதான். பென்ட் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். கார் உள்ளே போய் முடியும்வரை அதைத் திரும்பப் போடவில்லை.

உங்கள் தம்பியை நான் ஒருநாளும் கண்டதில்லை. கறுப்பா வெள்ளையா, கதைக்கிற குரல் எப்படி, ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களுக்காக வைக்கிற பூசையில் ஒவ்வொரு வருடமும் அவர் பெயரைக் கொடுத்து வருகிறேன். சைவப் பிள்ளை என்று சுவாமியாருக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்வதில்லை. நாளைக்கு அந்தப் பூசை. இந்த முறை இரண்டு பெயர். யாரை முன்னுக்குச் சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். மூத்தவர் நீங்கள். ஆனாலும் தம்பியின் பெயரைத்தான் முதலில் கொடுத்திருக்கிறேன். குறை நினைக்க மாட்டீர்கள். தம்பிக்காகப் பின்னால் வந்து பழகியவர் நீங்கள்.