நாயின் வெள்ளைக் கால்

ஒக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்து வீட்டு மிஸ்டர் வெல்பி நாற்பது வருடம் தொலைக்காட்சித் தொடர்களும் குடும்பப் படங்களும் இயக்கியவர். இன்று பின்னேரம் அவருடைய பழைய படமொன்று தொலைக்காட்சியில் போனது. தேநீருக்கு அழைத்திருந்தேன், சேர்ந்து பார்த்தோம். படத்தில் வரும் நாய்க்கு முதலில் இடது முன்கால் வெள்ளை, பிறகு வலது. அதை அவரிடமே சொன்னேன்.

“தேத்தண்ணி குடிக்க வந்த மனிசனிட்டையும் பிழை பிடிக்கிறீங்களோ அம்மா?” என்றாள் மகள்.

அவர் சிரித்தார். படப்பிடிப்பின் பாதியில் முதல் நாய் செத்துவிட்டதாம். கூட நடித்த சிறுமிக்கு ஏழு வயது. அவள் அழுவாள் என்று பயந்து, அதே சாயலில் வேறொரு நாயைக் கொண்டுவந்து, தானே காலில் வெள்ளை பூசினாராம். அவசரத்தில் கால் மாறிவிட்டது.

“அவள் கண்டுபிடிக்கவில்லையா?” என்று கேட்டேன்.

“முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நான் கவலைப்படுவேன் என்று படம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.”

அவர் போய்விட்டார். எனக்கு நித்திரை வரவில்லை.

என் கணவரின் கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் அவருக்குத் தமிழில் சொன்னது நான்தான். கொன்வென்ட் ஆங்கிலம் என்று எனக்குப் பெருமை. வைத்தியர் கான்சர் என்றார். நான் வயிற்றுப்புண் என்றேன்.

“ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான். நீர் யோசியாதையும்,” என்றார் இவர்.

நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கான்சர் என்ற ஒரு சொல் விளங்குவதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?