மணி அப்பா என்று கூப்பிட்டவள்

பெப்ரவரி 2, ஞாயிறு

கோயிலில் இன்று மெழுகுதிரி மந்திரித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாங்கிவந்தேன். பூசை முடிந்ததும் மழை. மணியின் ஸ்கூல் உடுப்பு காயவில்லை.

நாலு நாற்பதுக்கு வீட்டுக்காரர் போனில் கோல் எடுத்தார். கொரியாவில் அப்போது இரவு எட்டு பத்து. பதினோரு நிமிடம் பேசினோம். சாப்பாடு, குளிர், மணியின் கணக்குப் பாடம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல். தெளிவாகக் கேட்டது.

“மணி அப்பா?”

அவர் ஏதோ முனகினார். பிறகு என்னிடம், “டிவி சத்தம், ஒண்ணுமில்ல,” என்றார்.

கொரியா டிவியில் மணி அப்பாவா?

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் நான் அவர் பேரை வாயால் சொன்னதில்லை. அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போதுகூடத் துண்டில் எழுதித்தான் பாதரிடம் கொடுப்பேன். அக்டோபர் செபமாலை மாதத்தில் மகள் பிறந்தாள். செபமணி என்று வைத்தோம். அது மணி ஆனது. அன்றிலிருந்து அவர் எனக்கு மணி அப்பா. இந்த ரப்பர் தோட்டத்தில் வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை, அவர்களுக்கெல்லாம் அவர் பேர் இருக்கிறது. எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

அதை அங்கே ஒருத்திக்கு யார் கொடுத்தது?

பெப்ரவரி 3, திங்கள்

பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். மணி சொல்லித்தான் தெரிந்தது.

பெப்ரவரி 5, புதன்

கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவருடைய எல்லாக் கோலும் அதில் இருக்கிறது. திகதி, எத்தனை நிமிடம், முகம் பார்த்துப் பேசியதா, குரல் மட்டுமா. ஜனவரி 15 வரை முகம். 17இலிருந்து குரல் மட்டும். போன் விழுந்து கமரா உடைந்துவிட்டதாம். “கமரா உடைந்தது” என்று பக்கத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன், மடச்சி.

பெப்ரவரி 6, வியாழன்

கேட்டால் இன்னொரு டிவி சத்தம்தான் வரும். நானே விளங்கிக்கொள்கிறேன்.

கொரியா பாஷை படிக்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டுத் தரச் சொன்னேன்.

“எதுக்கும்மா? அப்பாகிட்ட போகப் போறியா?” என்றாள் மணி.

“சும்மாதான். பொழுது போகணும்ல.”

“ஒனக்கா பொழுது போகல?”

ஆப் சிங்களத்தில் சொல்லிக்கொடுக்கிறது. தமிழில் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். சிங்கள எழுத்தை பஸ் போர்டிலும் மருந்துப் போத்தலிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அது இப்போது உதவுகிறது.

ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு வருகிறது. சரியாகச் சொன்னால் குதிக்கிறது. பிழை விட்டால் அழுகிறது, ஓர் இதயம் போகிறது. மொத்தம் ஐந்து இதயம். ஐந்தும் போனால் நாலு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும். தினமும் படித்தால் மேலே ஒரு நெருப்பு எரியும், ஒரு நாள் விட்டாலும் அணைந்துவிடும். கோயிலில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

குடும்பம் என்ற பாடம். அம்மாவுக்கு ‘ஒம்மா’. அப்பாவுக்கு அப்பாவேதான்! கீழே சிங்களத்தில் ‘தாத்தா’ என்று போட்டிருந்தது, அவர்களுக்கு அப்பாதானே தாத்தா. மூன்று பாஷையிலும் உறவுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன.

மனசு லேசாகிவிட்டது. யாரோ ஒரு கொரியாப் பிள்ளை தன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஆண்டவரே, மன்னியும்.

பிறகு சோறு வடிக்கும்போது யோசனை வந்தது. அப்பா சரி, மணி?

நிம்மதி கஞ்சியோடு போயிற்று.

பெப்ரவரி 12, புதன்

பாடத்தைச் சத்தமாகச் சொன்னால்தான் ஆப் ஏற்றுக்கொள்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னா திரேசா, சொவத்தோட சண்டையா?”

“கொரியா பாஷை படிக்கிறேன்க்கா.”

“நான் என்னமோ பூனைக்குக் காச்சல்னு நெனச்சேன்.”

ஆப்பில் நடக்கிற போட்டியில் வெள்ளி வரிசையில் மூன்றாவது இடத்தில் நிற்கிறேன். எனக்கு மேலே சுமன், ஷாமிளா என்று இரண்டு பேர். எந்த ஊரோ. செபமாலை சொல்லும்போதும் அந்த இரண்டு பேரை முந்துவதே நினைவு. நாலாம் பத்தில் எத்தனை மணி உருட்டினேன் என்று தவறிவிட்டது. முதலிலிருந்து சொன்னேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒன்பது நிமிடம். அந்தக் குரல் இரண்டு தடவை. “மணி அப்பா?” என்று கேள்வி மாதிரி, கொஞ்சலாக.

இன்னொன்றும் கவனித்தேன். நான் “மணி அப்பா” என்று கூப்பிட்டாலும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு மூச்சு நின்று பிறகுதான் “ம், சொல்லு” என்கிறார். முன்பு அப்படி இல்லை. மனசில் குற்றம் இருந்தால் அப்படித்தான் நிற்கும்.

பெப்ரவரி 17, திங்கள்

‘ஒப்பா’ என்று ஒரு சொல். அண்ணன் என்று அர்த்தமாம். மணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“டிராமாவுல பொண்ணுங்க லவ்வரத்தான்மா அப்படிக் கூப்பிடுவாங்க!”

நான் கேட்டது அப்பாவா, ஒப்பாவா? கண்ணை மூடி மூடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை அப்பாவாகக் கேட்கிறது, ஒரு தடவை ஒப்பாவாகக் கேட்கிறது. காது எனக்கே விரோதி.

பெப்ரவரி 23, ஞாயிறு

மெரினாவின் புருஷன் ரொபர்ட் இவரோடு ஒரே கம்பனியில், ஒரே அறையில். பூசை முடிந்து வரும்போது மெரினாவை நிறுத்திக் கேட்டேன்.

“ரொபர்ட் தம்பி எங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலயேக்கா,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு என்ன நினைத்தாளோ, சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

காரணமில்லாமல் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அப்படியானால் இவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஏன் மாதாவே எனக்கு மட்டும் இப்படி? நான் யாருக்கு என்னா செஞ்சேன்?

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

“கொரியா பாஷை படிக்கிறேன் பாதர்.”

“அது பாவமில்லையே அம்மா.”

“ஏன் படிக்கிறேன்னு கேளுங்க பாதர்.”

சொன்னேன். “அவருகிட்டயே கேட்டுட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். “கேளுங்க. அதுதான் ஒங்களுக்கு அபராதம்,” என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

தவக்காலத்துக்கு ஆப்பை விட்டுவிடுவதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஐந்து மணிக்குக் கோழிக்குஞ்சு கண்ணைக் கசக்கிக்கொண்டு போனில் வந்து நின்றது. நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து மூன்று பாடம் படித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஏழு நிமிடம். கேட்கவில்லை. அபராதம் அப்படியே நிற்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

‘மனி மொகொயோ.’ நிறையச் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். மனி என்றால் நிறைய. நம்முடைய ‘ணி’ இல்லை, ‘னி’. ஆனால் போனில் அந்த வித்தியாசம் யாருக்குக் கேட்கும்?

ஆக, அவள் என் பிள்ளையின் பேரைச் சொல்லவில்லை.

அப்படியானால் என்ன சொன்னாள்? நிறைய அப்பா? இது என்ன பேச்சு? ஒரு சொல் திறந்தால் அடுத்த சொல் பூட்டிக்கொள்கிறது. மாவை அரித்தது அரித்தபடி கிடக்க, அரிதட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள்.

பதினொரு மணிக்குப் பாடம். ஒரு டாக்டரின் படம். குரல் சொன்னது: ‘மொரிகா அப்பாயோ.’ மொரி தலை என்று நேற்றே படித்தேன். தலை, அப்பா. ‘தாத்தா’ என்று இருந்ததை அழுத்தினேன். குஞ்சு அழுதது. திரும்ப வந்தது. திரும்பவும் தாத்தா. நாலு இதயம் போயிற்று. ஐந்தாவதற்கு முன்னால் நின்று எழுத்தைப் பார்த்தேன்.

அப்பாவில் வருவது ஒரே எழுத்து இரட்டைப்பிள்ளை மாதிரி ஒட்டி நிற்கும். இது வேறு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் இரண்டு கால். எங்கள் குசினி ஸ்டூல் மாதிரி. இது அப்பா இல்லை. அப்பா மாதிரிக் கேட்கிற வேறொன்று. மற்றப் பதிலை அழுத்தினேன். குஞ்சு குதித்தது.

தலை வலிக்கிறது.

அப்பா என்றால் வலிக்கிறது.

மனி அப்பா?

ரொம்ப வலிக்குதா — ஐயோ, அவ கேட்டது அதுதான். ரொம்ப வலிக்குதா, ரொம்ப வலிக்குதான்னு கேட்டிருக்கா. எங்க வலிக்குது? என்னா ஆச்சு அவருக்கு? ஜனவரியிலிருந்தா?

நாலரை மணி ஆக இன்னும் எவ்வளவு நேரம்.

மார்ச் 20, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நானே கோல் எடுத்தேன். மழையா, மணி எங்கே என்று வழக்கம்போல ஆரம்பித்தார். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு பழக்கிய மாதிரி ‘னி’யை மெலிதாக்கி, கடைசியை மேலே தூக்கிக் கேட்டேன்.

“மனி அப்பா?”

கோல் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு சொன்னா ஒனக்கு? மெரினாவா?”

“கோழிக்குஞ்சு.”

“என்னாது?”

“ஆறு கெழமையா படிக்கிறேன். கமராவப் போடுங்க.”

“ஒடைஞ்சிருக்கு திரேசா.”

“ஒடையல. போடுங்க.”

போட்டார். முதலில் முகம். பாதியாகிப் போயிருந்தது. பிறகு வலது கையை மெதுவாகத் தூக்கினார். இரண்டு விரல் இல்லை. மூன்றாவது கட்டுக்குள் விறைத்து நின்றது. ஜனவரி 16ஆம் திகதி மெஷினில் அகப்பட்டதாம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தியை இறகு மாதிரிப் பிடித்த கை.

எனக்கு அழுகை வரவில்லை. “ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டேன்.

“சொன்னா நீ சாப்பிட மாட்ட, தூங்க மாட்ட.”

“சொல்லாமயே அதெல்லாம் நடந்துச்சு.”

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: “நீ ஒவ்வொரு தடவையும் மணி அப்பா, மணி அப்பான்னு கூப்பிடுவியா. எனக்கு அதாத்தான் கேக்கும். ரொம்ப வலிக்குதா, ரொம்ப வலிக்குதான்னு. ஆமான்னு வாய் வரைக்கும் வரும். முழுங்கிட்டுத்தான் ம்னு சொல்லுவேன்.”

அந்த ஒரு மூச்சு.

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு கிழவி சூப்புக் கோப்பையோடு வந்து நின்றார். நரைத்த தலை, சமையல் ஏப்ரன். கம்பனியில் சமைக்கிறவராம், அறுபத்து மூன்று வயதாம். இவருக்குக் கரண்டி பிடிக்க முடியாத நாளில் ஊட்டிவிட்டவர். ஒன்றரை மாதமாக நான் யாரை மனசில் திட்டினேனோ, அவர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கம்சாஹம்னிதா,” என்று நன்றி சொன்னேன். குஞ்சு குதித்திருக்கும்.

ஒவ்வொரு கோலும் எத்தனை நிமிடம் என்று கொப்பியில் இருக்கிறது. எத்தனை தடவை மணி அப்பா என்று கூப்பிட்டேன் என்பதை மட்டும் நான் குறிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்குத்தான் கோபம் வந்தது. இரண்டு மாதம்! அரிவாள்மனையைக் கழுவும்போது வந்தது. கழுவிய பிறகும் போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மெரினா பூசைக்கு வந்தாள். ரொபர்ட் சத்தியம் வாங்கியிருந்தானாம். இன்றைக்கு நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை நடந்தேன். அவர் வலியோடு படுத்திருந்த நாளெல்லாம் நான் சந்தேகத்தோடு இருந்தேன். நான் சந்தேகத்தோடு இருந்த நாளெல்லாம் அவர் பொய்யோடு இருந்தார். யார் யாருக்கு மன்னிப்புக் கொடுப்பது? கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நேராக வரவில்லை. அப்படியே விட்டேன்.

நேற்று அவர் சொன்னார், டாக்டர்கள் ஊருக்குப் போகலாம் என்றுவிட்டார்களாம். மே 9 வருகிறார்.

பாடம் மட்டும் விடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இனிமேல் யார் பேச்சை விளங்கிக்கொள்ள?

மே 12, திங்கள்

நேற்று பாடம் படிக்க மறந்துவிட்டேன். தொண்ணூற்று நாலு நாள் நெருப்பு அணைந்துவிட்டது. குஞ்சு தலையைக் குனிந்து அழுகிற படத்தை மணி கொண்டுவந்து காட்டினாள். அழட்டும்.

காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. ஏழு மணி பஸ். திரும்பி வந்து இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். இடது கையால் கோப்பை பிடிக்கப் பழகிவிட்டார்.

பகல் சோறு போட்டுவைத்து, வெளியே நின்றவரைக் குசினியிலிருந்து கூப்பிட்டேன்.

“மணி அப்பா!”

“இன்னைக்குக் கொஞ்சம்தான் வலிக்குது,” என்றார்.

நான் சாப்பிடத்தான் கூப்பிட்டேன்.