முனியாண்டிக்குப் போன போத்தல்

வெள்ளி இரவு, லூனாஸ்

சாந்தி மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஜெயித்தது நான்தான்.

எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியின் விஸ்கி. ஒரே மாதிரி இரண்டு போத்தல் விற்க வைத்திருந்தேன். பழைய போத்தல்களைச் சேர்த்து வைக்கும் பினாங்கு டாக்டர் ஒருவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "டைம் சரியில்ல அண்ணே, யார் கையிலயும் காசு இல்ல. கொறச்சுக் குடுங்க லா." நான் அசையவில்லை.

வியாபாரம் மந்தமாக இருக்கிறதே, எஸ்டேட் முனியாண்டி சாமிக்கு ஒரு போத்தல் வைத்துவிட்டு வா என்று என் பெண்சாதி சாந்தியிடம் சொல்லியிருந்தேன். காலையில் போனவள் அந்த இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூடியோடு வைத்தால் சாமி எப்படிக் குடிக்கும்? திறந்தே வைத்திருக்கிறாள்.

"ஏன்டி, வேற போத்தலே கெடைக்கலயா?"

"பெட்டியெல்லாம் மங்கிப்போய் கெடந்துச்சு. விக்காத சரக்குன்னு நெனச்சேன்."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து டாக்டர் கூப்பிட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"ஒன்ன முனியாண்டி குடிச்சிட்டாரு டாக்டர். இனிமே என்கிட்ட இருக்கறது ஒன்னுதான். அதனால வெல ஏறிடுச்சு."

இந்தத் தடவை டாக்டர் பேரம் பேசவில்லை.

"வேற யாருக்கும் குடுத்துடாதீங்க அண்ணே. நாளைக்கே வர்றேன்."

சாமிக்கு வைத்ததில் மீதியை சாந்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இத்தனை வருஷமாக விற்கிறேன், இந்த மாதிரிப் போத்தலை ஒருநாளும் திறந்ததில்லை. இப்போதுதான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் ஏற்றியே சொல்லியிருக்கலாம்.