சென்னகிருஷ்ணனுக்கு நான் போட்ட மாலை

பீளமேடு, கோயமுத்தூர்
12-11-1994

அன்பு மகள் வனஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, என் சர்க்கரை, அவளுடைய முட்டிவலி நால்வரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நவ்யாக் குட்டியும் குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் பட்டாசெல்லாம் நமத்துப்போய்விட்டது. அம்மா முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்து, அமெரிக்கா போகிறவர் யாராவது அகப்படுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுப் பார்த்தால் டின்னில் பாதியைக் காணோம், நான் தொடவில்லை என்றால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ வேலை பார்க்கிற மெடிக்கல் காலேஜில் குடும்ப மருத்துவ டிபார்ட்மெண்டின் தலைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்கு உன்னைத் தயார் செய்ய ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள், டிசம்பர் பதினைந்துக்குள் சம்மதம் எழுதித் தரவேண்டும் என்று செப்டம்பரில் எழுதி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். மீட்டிங் நடத்துவது எப்படி, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு டாக்டர்களை ஒரே அறையில் உட்காரவைப்பது எப்படி, டீனிடம் போய் ஆள் கேட்பது எப்படி, வேலை சரியில்லாதவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்வது எப்படி, இதெல்லாம் பாடம் என்றாய். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தேன். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா, மூன்று வயதில் இந்த வீட்டையே ஆட்டிவைத்தவளுக்கு அதிகாரம் பண்ண வகுப்பா என்று நாலு பக்கம் கேலி எழுதினேன். குடும்ப மருத்துவத்துக்கு ஒரு டிபார்ட்மெண்டே அதிகம், அதற்கு ஒரு தலைவர், அந்தத் தலைவருக்கு ஒரு பள்ளிக்கூடமா என்றும் எழுதினேன். சொந்தக்காரர்கள் உனக்கு என்ன ஸ்பெஷாலிட்டி என்று கேட்டால் இருதயம் என்று நான் சொல்லிவைத்திருப்பது உனக்குத் தெரிந்ததுதான், வெறும் குடும்ப டாக்டர் என்றால் அதுக்கா அமெரிக்கா போகணும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ, அப்பா சொல்வதுதான் சரி, மாட்டேன் என்று சொல்லிவிடப்போகிறேன் என்றாய். நானும் நல்லது என்றேன். அந்த நல்லதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன், காரணத்தையும் கேள்.

நம் பட்டறையில் இருபது வருஷமாக லேத் ஓட்டுகிற சென்னகிருஷ்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், மைக்ரோமீட்டர் வைப்பதற்கு முன்பே அளவைச் சொல்லிவிடுவான். போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் பழைய போர்மேன் வேலையை விட்டு நின்றுபோயிருந்தார். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போட்டேன், ஒரு மாலை மிச்சம் இருந்தது, அதைச் சென்னகிருஷ்ணன் கழுத்தில் போட்டு இனிமேல் நீதான் போர்மேன் என்றேன். எல்லோரும் கை தட்டிப் பொரியும் கடலையும் தின்றார்கள். உனக்குச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவும் இல்லை. என் அப்பா எனக்கும் அப்படித்தான் சாவியைக் கொடுத்தார், நம் ஊரில் தலைவராவதற்கு இதுதான் படிப்பு. ஒரே வருஷத்தில் நல்ல டர்னர் ஒருத்தன் போய்ச் சுமாரான போர்மேன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். யார் லீவு கேட்டாலும் கொடுத்துவிட்டு அவர்கள் வேலையையும் சேர்த்து இவனே செய்வான். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் இவன் குடோனுக்குள் போய் நின்றுகொள்வான். நான் கூப்பிட்டுத் திட்டுவேன், நான் கொடுத்த பயிற்சி அது ஒன்றுதான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறையிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்தோம். இருதயக்காரர் இருதயம் சரி என்றார், நரம்புக்காரர் நரம்பு சரி என்றார், காதுக்காரர் காது சரி என்றார், ஸ்கேனும் சரி. இத்தனை சரிக்குப் பிறகும் ஆளால் எழுந்து நிற்க முடியவில்லை. அவன் சம்சாரம் குழந்தையம்மாள் யாரையும் கேட்காமல் அவனை ஆட்டோவில் ஏற்றிக் கோட்டைமேட்டில் ரசாக் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். வெறும் எம்.பி.பி.எஸ்.தான், ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் மாந்தத்திலிருந்து மாமியாரின் கடைசி மூச்சு வரைக்கும் பார்த்தவர். அவர் நாடி பிடிப்பதற்கு முன்னால் எப்போதிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டாராம். இவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, போன ஆயுத பூஜையிலிருந்துங்க என்றானாம். மறுநாள் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய், பிரஷர் பார்க்கத்தான் கூப்பிட்டார் என்று கையைக்கூட நீட்டினேன். அவர், ஏனுங்க மொதலாளி, நீங்க போட்ட மாலைக்கு நான் மாத்திரை எழுத முடியாதுங்க, ஒண்ணு ஆளுகள எப்படி நடத்தறதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுங்க, இல்லீன்னா லேத்தையே திருப்பிக் குடுத்துபோடுங்க என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது வனஜா. அவன் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் எல்லோரும் ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தவர் ரசாக் டாக்டர் ஒருவர்தான். அந்த வேலையைச் செய்கிற மகளை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் இருதயம் இருதயம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அப்படிப்பட்ட டாக்டர்களைப் பழக்கி எடுக்கிற இடத்துக்குத் தலைமை வகிக்க ஒரு படிப்பும் வேண்டாம் என்று நாலு பக்கம் வேறு எழுதியிருக்கிறேன். நீ நல்ல டாக்டர், அதனாலேயே நல்ல தலைவராகிவிடுவாய் என்று இல்லை கண்ணு. சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள். தலைவரான பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது நோயாளிகளைப் பார், கைவேலையை விட்டதும் சென்னகிருஷ்ணன் பாதி ஆளாகிவிட்டான்.

அவன் இப்போது தேவலை. போன வாரம் நானே அவன் வீட்டுக்குப் போய் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். போர்மேன் வேல புடிச்சுத்தானுங்க இருக்குது, எப்படிச் செய்யறதுன்னுதான் தெரியலீங்க என்றான். இப்போது தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் அவனும் நானும் உட்காருகிறோம். முப்பது வருஷம் முதலாளியாக இருந்திருக்கிறேன், அவனுக்கு என்ன சொல்லித்தருவது என்று எனக்கே தெரியவில்லை, அது அவனுக்கும் தெரிந்துபோய்விட்டது. உன் பயிற்சியில் பாடம் ஏதாவது அச்சடித்துக் கொடுத்தால் ஒரு நகல் எனக்கு அனுப்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ரசாக் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது தீபாவளிக்கு முன்னால், நீ போன் செய்தது தீபாவளி முடிந்து. ஆக, எல்லாம் புரிந்த பிறகுதான் உன்னிடம் நல்லது என்று சொன்னேன். பயிற்சிக்குப் போனால் தலைவராவாய், தலைவரானால் அங்கேயே வேர் பிடித்துவிடுவாய், மாட்டேன் என்றுவிட்டால் இரண்டு வருஷத்தில் அலுத்துப்போய் ஊருக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். செப்டம்பரில் எழுதிய கேலியும் இதற்காகத்தான். நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். இப்படி வரவெச்ச புள்ள மொகத்த தெனமும் எப்படீங்க பாப்பீங்க என்று கேட்டாள். நீ வராமல்போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. இருந்தாலும் போய்ப் படி.

காரமடை ரங்கநாதர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார். இந்தக் கடிதம் வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குப் பிறகும் உனக்கு நாள் இருக்கிறது, கெடுவுக்குள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடு. கொடுத்ததும் போன் பண்ணு. முதலில் அம்மாவிடம் பேசு, நான் லைனுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஆசிகளுடன்
உன் அப்பா
அரங்கசாமி