நீலக் கதவுக்கு வந்த ரெயின்கோட்

ஜூலை 10, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு போடும்போது வெள்ளை வேன் ஒன்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலுக்கே வந்தது. மகள் திவ்யாவுக்கு ரெயின்கோட். மஞ்சள். அளவு கச்சிதம். அனுப்பியது அவளுடைய அப்பாவாம், டுபாயிலிருந்து.

ஞாயிறு மாலை ஹட்டனில் முஸ்லிம் நானா வைத்திருக்கும் போன் கடைக்கு அவர் கூப்பிட்டபோதுதான் பழைய கோட் கிழிந்ததைச் சொன்னேன். செவ்வாய் வாசலில் புதுசு! என் கடிதம் அவருக்குப் போகவே பதினெட்டு நாள். அவர் கடிதம் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதற்குள் மாதமே ஓடிவிடும். போன வருடம் கப்பலில் போட்ட பெட்டி வர இரண்டு மாதம். இது மட்டும் பறந்து வந்ததோ?

டிரைவர் கையில் வழி எழுதிய தாள். எட்டிப் பார்த்தேன். மாரியம்மன் கோயில் தாண்டி ஐந்தாம் லயம், கடைசி வீடு, நீலக் கதவு.

அவர் போகும்போது கதவு பச்சை. பொங்கலுக்கு நான்தான் நீலம் அடித்தேன்.

"எங்கருந்து வாறீங்க?" என்றேன்.

"கொழும்புல இருந்து, மிஸ்." கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 11, புதன்

மழை. கோழி ஒன்று செத்தது. தூக்கமில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். "டுபாய்லருந்து ரெண்டு நாள்லயா? டீச்சர், நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. மேல் டிவிசன் ராசு, குவைத்து குவைத்துன்னு சொல்லிட்டு மூணு வருசம் கொழும்புக்குப் பக்கத்துல வத்தளையில இன்னொருத்தியோட குடும்பம் நடத்தலயா?"

சனியன் பிடித்தவள். வாயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

யோசித்தவை:
கோட்டின் கழுத்தில் சிங்கள எழுத்து.
பையில் கொழும்பு வெள்ளவத்தைக் கடை விலாசம்.
மே மாதம் போனில் பின்னால் சிரித்த பெண் குரல். ஆபீஸ் டீ.வி. என்றார்.
நீலக் கதவு. வந்து பார்க்காமல் எப்படித் தெரியும்?

ஜூலை 12, வியாழன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து வசந்தி மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். சிரித்தார். "இது இன்ரநெற் ஓடர் டீச்சர். என்ர தமையன் லண்டனிலை இருந்து அம்மாவுக்குக் கேக் அனுப்பினவர், அடுத்த நாளே வந்தது. சாமான் இஞ்சத்தைக் கடையிலை இருந்துதான் வரும்."

அண்ணன் லண்டனில் என்று அவருக்கு யார் சொன்னது? அண்ணன்தானே.

ஜூலை 15, ஞாயிறு

நானா கடையில் சரியாக ஐந்துக்குப் போன்.

"அங்க இப்ப மணி என்ன?"

"மூணரை. ஏன் கேக்குற?"

டுபாய் நேரம் சரிதான். மனப்பாடம் செய்திருக்கலாம். கோட் எப்படி வந்தது என்றேன். "ஆபீஸ்ல மலையாளி கிளாக்கர் ஒருத்தரு. அவருதான் கம்ப்யூட்டர்ல போட்டாரு. பட்டன அமுக்குனா கொழும்பு கடைக்காரன் அனுப்பிருவான். புள்ள போட்டுப் பாத்துச்சா?" கதவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

அப்புறம்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். திவ்யாவுக்கு நெருப்புக் காய்ச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், டொக்டர் வாயே திறக்கவில்லை.

"ஐயோ, நான் என்ன செய்வேன்" என்றார். அழுகிற குரல். வைத்துவிட்டேன்.

நானா காதிலும் விழுந்திருக்கிறது. "பயப்பிடாதீங்க டீச்சர், அல்லா புள்ளக்கி சொகம் குடுப்பான்." அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொழும்பில் இருந்தால் நாளை மதியத்துக்குள் வந்து நிற்பார். டுபாய் என்றால் வர முடியாது. பாஸ்போர்ட் முதலாளியிடம். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது, பாதியில் வந்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள். அது முடிந்தால்தான் இந்த லயத்தை விட்டு இறங்கி ஹட்டனில் ஒரு துண்டுக் காணி, சொந்த வீடு. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 16, திங்கள்

மதியம் தாண்டியது. கடைசி பஸ்ஸும் போனது. யாரும் வரவில்லை!

அப்பாடா. டுபாயில்தான் இருக்கிறார். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். திவ்யாவுக்குப் பால் ரொட்டி. புஷ்பத்தைப் பார்த்து வேண்டுமென்றே சிரித்தேன். ஞாயிறு போன் வந்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

ஜூலை 17, செவ்வாய்

மறுபடியும் வேன். அதே டிரைவர், தொப்பலாக நனைந்து.

"மிஸ், ஹொஸ்பிட்டல்ல எல்லா வார்டும் தேடினேன். அப்பிடி ஒரு பேபி இல்லன்னு சொன்னாங்க. அதான் இங்க கொண்டு வந்தேன். சுகமா?"

திவ்யா என் பின்னால் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். ஒரு கூடையை நீட்டினான்.

கூடையில் திராட்சை, ஆப்பிள், பால்மா, ஒரு கரடிப் பொம்மை. அட்டையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: திவ்யா பயப்படாத. அப்பா வாறேன்.

வாறேனா?

ஹட்டனுக்கு ஓடினேன். நானா டுபாய் ஆபீஸ் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். மலையாளிதான் எடுத்தார். "உங்க சந்திரன் ஊருக்குப் போயாச்சு சேச்சி. முதலாளி கால்ல விழுந்து பாஸ்போர்ட் வாங்கிட்டு போயாச்சு. இனி வரவேண்டாம்னு சொல்லியாச்சு. குட்டிக்கு எப்படி உண்டு?"

பாவி. நான் பாவி.

ஜூலை 18, புதன்

காலை ஏழரை. மழை இல்லை. ஒரே ஒரு பை, நான்கு நாள் தாடி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார்.

"புள்ள எங்க?"

திவ்யா மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தாள். அப்படியே தூக்கினார். நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராசு கதை, வேன், கதவு.

திட்டுவார் என்று நின்றேன். கோட்டின் கையை இழுத்துச் சரிசெய்தார். "அளவு சரியாத்தான் இருக்கு" என்றார். குளிக்கப் போனார்.

பாஸ்போர்ட் மேசைமேல். இவ்வளவுக்குப் பிறகும் நான் அதைத் திறந்தேன். டுபாய் முத்திரை இருந்தது. நடுவில் ஒரு போட்டோ, மூலையெல்லாம் மடங்கி. நீலக் கதவுக்கு முன்னால் திவ்யா. பின்னால் என் கையெழுத்து: பொங்கலுக்கு அடித்தது, நல்லா இருக்கா?