போட்டோவுக்காக நிறுத்தின மாத்திரை

தங்கமே,

சாமி உனக்குத் துணையிருக்கட்டும். ஒத்தைக் கண்ணால படிக்கணுமேன்னு எழுத்தைப் பெருசு பெருசா போடுறேன்.

வாய்ப்புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால உன் முகம் பன்னு மாதிரி ஊதிப்போச்சு. "அண்ணன் கல்யாண போட்டோ காலத்துக்கும் நிக்கும்டி. மூணு வாரம் மாத்திரையை நிறுத்து, நான் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்"னு சொன்னவ நான்தான். "ஏன் அத்தை, உங்க சாமி மருந்துக்கடை வச்சிருக்காரா?"ன்னு சிரிச்சே. சிரிச்சுக்கிட்டே என் பேச்சையும் கேட்டே.

போட்டோவுல அழகாத்தான் இருக்கே. அதுக்கப்புறம் நோய் ஒரு கண்ணுக்கும் பரவி, இமை உள்பக்கமா முழியோட ஒட்டிக்கிச்சு. நம்ம உடம்பே நம்மளைத் தாக்குற நோயாம், அந்த மாத்திரைதான் அடக்கி வச்சிருந்துச்சாம். "ஏம்மா நிறுத்தினே?"ன்னு டாக்டர் கேட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். "மறந்துட்டேன் டாக்டர்"னு சொல்லிட்டே. ஊர்க்கதையெல்லாம் பேசுற என் வாய் அன்னிக்குத் திறக்கல.

நேத்து வார்டுல உங்கம்மா, "பொறுப்பில்லாத கழுதை, உன் கண்ணை நீயே கெடுத்துக்கிட்டே"ன்னு திட்டினாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடுற மாதிரி உக்காந்திருந்தேன்.

இந்தக் கடுதாசியை உறையில போட்டு ஒட்டல. உங்கம்மா கையிலதான் கொடுக்கப் போறேன், முதல்ல அவங்க படிச்சுட்டு உன்கிட்ட தரட்டும்.

உன் அத்தை